டிசம்பர் 23 மாலை மொத்தக் குடும்பமும் கடைக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் வீடு. மாமனார், மாமியார், கொழுந்தன், அவர் மனைவி, நான், என் இரண்டு பிள்ளைகள் என்று ஏழு பேர். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸுக்கு அவர் லீவில் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் துணி எடுப்போம். போன வருடம் டிசம்பர் 23 மாலை எட்டுப் பேரும் மார்த்தாண்டம் போனோம். படியில் ஏறவே இடமில்லை. ஆறு வயது மகன் கையை விட்டுவிட்டுப் போய், டிரயல் ரூம் பக்கம் அழுதுகொண்டு நின்றான். மாமியாருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிட்டது. வீடு திரும்ப இரவு 11 ஆனது. மறுநாள் மகளுக்குக் கவுனைப் போட்டுப் பார்த்தால் ஜிப் ஏறவில்லை. 26ஆம் தேதி கொண்டுபோனபோது, பில்லில் குத்தியிருந்த ‘பண்டிகை விற்பனைக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லை’ என்ற முத்திரையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கிவிடலாம் என்றேன். “எல்லாரும் சேந்து போயி உடுப்பு எடுக்காம என்ன கிறிஸ்மஸு?” என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சண்டையும் வரக் கூடாது, அந்தக் கூட்டத்திலும் சிக்கக் கூடாது. வழி உண்டா? அந்த முத்திரை செல்லுமா?

பதில் சொல்பவர்: நாகர்கோவிலில் நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்.

அன்புள்ள சகோதரி,

முத்திரையை முதலில் பார்த்துவிடுவோம். பழுதான பொருளுக்கு அது செல்லாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47) இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் ஒரு காலக்கெடு போட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள் தர வேண்டும். போடவில்லை என்றால் 30 நாளுக்குள். நீங்கள் மூன்றாம் நாளே போயிருக்கிறீர்கள். அளவு சரியாக இருந்தும் ஏறாத ஜிப் பழுதுதான். பண்டிகைத் தள்ளுபடியில் விற்றார்கள் என்பதால் இந்தப் பொறுப்பு குறைவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சைஸ் சின்னதாகிவிட்டது, வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் பழுது ஆகாது. அதற்கு மாற்றித் தருவதும் தராததும் கடைக்காரர் விருப்பம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆகவே பில் போடுவதற்கு முன்பே “சைஸ் சேரவில்லை என்றால் மாற்றலாமா, எத்தனை நாளுக்குள்?” என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்கிவிடுங்கள். காலை நேரத்தில் கேட்டால் எழுதித் தருவார்கள். 23ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு உங்களாலும் கேட்க முடியாது, அவர்களாலும் நின்று பதில் சொல்ல முடியாது.

போன வருடத்துக் கவுனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் வக்கீலாக இருந்துகொண்டே சொல்கிறேன், ஒரு கவுனுக்கு நேராக அங்கே போக வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பில்லும் ஜிப்பின் படமும் கையில் இருந்தால் போதும்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். என் மேசைக்கு வரும் ஜவுளிப் புகார்களின் பில்லைப் பார்த்தால் தேதி பெரும்பாலும் பண்டிகைக்கு முந்தின ஒன்றிரண்டு நாள்தான். நேரம் ராத்திரி. வருடம் முழுக்க இருக்கிற அதே கடை, அதே துணிதான். அந்த இரண்டு ராத்திரியில் மட்டும் யாரும் எதையும் விரித்துப் பார்ப்பதில்லை. பின்னால் நிற்கிறவர் இடிக்கிறார், பிள்ளை அழுகிறது, கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் போதும் என்றாகிவிடுகிறது. கூட்டத்தின் உண்மையான செலவு அதுதான். தள்ளுபடியில் மிச்சமாகும் காசு அதற்கு ஈடாகாது.

உங்கள் வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேருக்குத் துணி, பிளவுஸ் தைக்கக் கொடுப்பது, பிள்ளைகளுக்குச் செருப்பு, போகிற போக்கில் ஸ்டாரும் குடிலுக்குச் சாமானும், முந்திரிக்கொத்துக்குப் பயறும் கருப்பட்டியும். இத்தனையும் ஒரே மாலையில். அரையாண்டுத் தேர்வு முடிந்து எல்லா வீட்டுப் பிள்ளைகளும் விடுமுறையில் இருக்கும் மாலை அது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஊரில் இருக்கும் வாரம். சபரிமலைக்குப் போகிற வண்டிகளும் நம் சாலையில்தான் வருகின்றன. சுசீந்திரம் மார்கழித் திருவிழா அந்த நாட்களோடு சேர்ந்து வந்தால் நாகர்கோவில் பக்கமும் தப்பிக்க முடியாது. மார்த்தாண்டத்தில் பம்மத்துக்கும் வெட்டுமணிக்கும் நடுவே மேம்பாலம் வந்த பிறகு நேராகப் போகிற வண்டிகள் மேலே போய்விடுகின்றன, உண்மைதான். ஆனால் துணி எடுக்கிறவர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். கடைகள் எல்லாம் பாலத்துக்கு அடியில்தானே இருக்கின்றன!

ஏன் இத்தனையும் அந்த ஒரு மாலைக்குப் போய்ச் சேர்கிறது? கணவர் வர வேண்டும் என்பதால். ஆகவே அவர் வந்தால்தான் நடக்க வேண்டியது எது, அவர் இல்லாமலே நடக்கக் கூடியது எது என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்கள் மாமியார் சொன்னதை இன்னொரு தடவை படித்தேன். “சேந்து போயி” என்கிறார். வருடம் முழுக்க வெளிநாட்டில் இருக்கிற மகன், தன் கையால் ஒரு சேலையை எடுத்து “இது நல்லா இருக்கும்மா” என்று சொல்ல வேண்டும். அதை ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் கொடுக்க முடியாது, சகோதரி. அந்த ஒரு சேலையை அவருக்காக விட்டுவையுங்கள். பேரப்பிள்ளையின் செருப்பும் கொழுந்தனின் பேண்ட்டும் மகன் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

என் யோசனை இதுதான். தீபாவளி முடிந்த கையோடு கடைகளில் கூட்டம் வடிந்துவிடும். நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும் துணி எடுக்க நல்ல காலம். நாகர்கோவில் போவதாக இருந்தால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நாட்களில் அந்தப் பக்கம் போகாதீர்கள். டிசம்பர் 3 வரை கோயிலைச் சுற்றி நடக்கவே இடமிருக்காது. மற்றபடி வார நாளில், காலை பத்தரை மணிக்குப் போங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அதனால்தான் அந்த நேரம். அவர்களின் சைஸுக்கு, இப்போது சரியாக இருக்கும் ஒரு சட்டையையும் ஒரு கவுனையும் பையில் போட்டுக்கொண்டு போய் மேலே வைத்து அளந்து பாருங்கள். வளர்கிற பிள்ளைகள், ஒரு விரல் கூட இருக்கட்டும்.

இரண்டு தடவை போவது வீண் செலவு என்று மாமனார் சொல்லக்கூடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நீங்களும் கொழுந்தன் மனைவியும் நாலு தடவை போய் வந்தாலும் பஸ் செலவு கிடையாது. எட்டுப் பேர் ஒரு வேனைப் பிடித்து, ராத்திரிச் சாப்பாட்டையும் வெளியே முடிப்பதற்கு ஆகும் செலவை அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

முதல் தடவை பிளவுஸ் துணியும் தைக்க வேண்டியவையும் மட்டும். இதைத் தள்ளிப் போட்டால் வேறு வழியே இல்லை. நம் ஊர்த் தையல்காரர்களில் பலர் டிசம்பர் முதல் வாரத்தோடு “இனி எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள். கெஞ்சிக் கொடுத்தாலும் 24 ராத்திரிப் பூசைக்குப் போகும் நேரத்தில்தான் கைக்கு வரும். அடுத்த தடவை பிள்ளைகள், கொழுந்தன், மாமனார். முந்திரிக்கொத்துச் சாமானுக்கு மார்த்தாண்டம் எதற்கு? திங்கள்சந்தையிலோ கருங்கலிலேயோ எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

காலையில் போவதில் இன்னொரு லாபம், துணியை நிதானமாகப் பார்க்கலாம். கவுன் என்றால் ஜிப்பை மேலும் கீழும் மூன்று நான்கு தடவை இழுங்கள். இடுப்பில் தையல் குறுக்கே போகும் இடத்தில்தான் அது வழக்கமாகச் சிக்கும். உங்கள் மகளின் கவுனிலும் அநேகமாக அங்கேதான் சிக்கியிருக்கும். உள்ளே திருப்பி அக்குள் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை விரல்கூட இல்லை என்றால் முதல் துவைப்பிலேயே பிரியும். நெட் துணியின் ஓரம் பிள்ளையின் கழுத்தில் உரசுமா என்று உங்கள் முழங்கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சேலையைக் கடை விளக்கில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சேல்ஸ் பெண்ணைக் கூட வரச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். முழு நீளத்துக்கும் விரித்து, மடிப்பு விழுந்த இடங்களில் ஜரிகை இற்றிருக்கிறதா, பிளவுஸ் துணி சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். டெலிவரி கவுன்டரில் பையை வாங்கியதும் பில்லையும் பொருளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு நகருங்கள். பை மாறிப்போவது எல்லாம் அந்த இடத்தில்தான்.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘40% தள்ளுபடி’ என்ற போர்டைப் பார்க்காதீர்கள், கடைசியில் கையிலிருந்து போகும் தொகையைப் பாருங்கள். 2,400 ரூபாய் என்று எழுதி 1,440க்குக் கொடுப்பதும், பக்கத்துக் கடையில் அதே ரகத்தை 1,400க்குத் தள்ளுபடியே இல்லாமல் விற்பதும் நடக்கிற காரியம். எம்.ஆர்.பி. என்று அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம். அந்த விலையில் தள்ளுபடி போட்டுவிட்டு, குறைத்த விலைமேல் தனியாக வரி சேர்ப்பது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் கூடுதல் விலையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதுவும் தவறு. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசுக் கூப்பனையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் சீட்டுப் போடுவதற்காகவே இன்னும் ஐந்நூறு ரூபாய்க்கு எதையாவது எடுப்பவர்களை எனக்குத் தெரியும். குலுக்கல் நடத்திவிட்டு முடிவைக் கலந்துகொண்டவர்களிடமிருந்து மறைப்பதும் முதலில் சொன்ன பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடைமுறைதான். சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் அந்த ஐந்நூறு ரூபாயை எடுக்காமல் வருவது அதைவிடச் சுலபம். பில் போடும்போது மொபைல் நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வேண்டாம் என்றால் கொடுக்காதீர்கள்.

ஆன்லைனை முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை. அளவு பார்க்க வேண்டாத பொருட்களுக்கு அது நல்லதுதான்: ஸ்டார், சீரியல் லைட், படுக்கை விரிப்பு, மாமனாருக்குச் சாரம் (கைலி). பிள்ளைகளின் கவுனை அதில் வாங்குவதென்றால் டிசம்பர் பத்துக்குள் கையில் கிடைக்கும்படி ஆர்டர் போடுங்கள், மாற்ற வேண்டி வந்தால் நாள் இருக்கும். புகார் கொடுத்தால் ஆன்லைன் நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு மாதம் முடிவதற்குள் கிறிஸ்துமஸ் போய்விடும். ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’, ‘10 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி தடை செய்யப்பட்ட தந்திரம். ராத்திரி படுக்கையில் கிடந்து போனைப் பார்க்கும்போது நம்மைப் பிடிக்கிற கூட்டநெரிசல் அது. பார்சல் வந்தால் உறையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து ஆட்கள் பலர் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற கடைவீதிக்குப் போய் எடுக்கிறார்கள். அங்கே வாங்கிய பொருளில் குறை இருந்தால் கேரளாவுக்கு அலைய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

இனி கணவர் வந்த பிறகு போகிற அந்த ஒரு பயணம். அவர் இறங்கிய அன்றே வேண்டாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்புங்கள். கடை ஒன்று, எடுக்க வேண்டியது மாமியாருக்கு ஒரு சேலையும் கணவருக்கு ஒரு சட்டையும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் சாப்பாட்டு நேரம் தவறினால் மயக்கம் வருவது ஆச்சரியமில்லை. உங்கள் பையில் பிஸ்கட்டும் நாலு மிட்டாயும் இருக்கட்டும். கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் உடனே கொடுங்கள். கடையில் நுழைந்ததும் அவருக்கு ஒரு நாற்காலி கேளுங்கள். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தையே திருத்தினார்கள். காலை முதல் ராத்திரி வரை நின்றே சேலை விரிக்கும் அந்தப் பெண்களுக்கு எத்தனை கடையில் நாற்காலி இருக்கிறது என்று போகும்போது கொஞ்சம் பாருங்கள். 23ஆம் தேதி அவர்கள் சிடுசிடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகனை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடிந்தால் நல்லது. கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால், கிளம்பும்போது அவன் போட்டிருக்கும் உடுப்போடு போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தேடும் நேரத்தில் என்ன நிறச் சட்டை என்று நமக்கே மறந்துபோகும். உங்கள் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவன் பாக்கெட்டில் வையுங்கள். கடைக்குள் போனதும் பில் கவுன்டரைக் காட்டி, “எங்களைக் காணலேன்னா இங்க வந்து நில்லு மக்ளே, வெளிய மட்டும் போகாத” என்று சொல்லுங்கள். அப்படியும் காணவில்லை என்றால் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடாதீர்கள். ஒருவர் வாசலில் நிற்க வேண்டும், ஒருவர் மைக்கில் அறிவிக்கச் சொல்ல வேண்டும். சில நிமிடத்தில் கிடைக்காவிட்டால் தயங்காமல் அவசர உதவி எண் 112க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அழையுங்கள்.

இதையெல்லாம் கணவர் ஊருக்கு வந்த பிறகு அவரிடம் சொல்லாதீர்கள். வந்த களைப்பில் “அம்மா சொல்றபடி போயிருவோம்” என்றுதான் சொல்வார். இந்த வாரமே வீடியோ கால் பேசும்போது மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும். “பிள்ளைகளுக்குள்ளத நாங்க எடுத்து வைக்கோம், அம்மைக்குச் சேலை நீங்க வந்துதான் எடுக்கணும்” என்று சொல்லுங்கள். என்ன நிறத்தில் வேண்டும் என்று அவர் அம்மாவிடம் அப்போதே கேட்கட்டும். கொழுந்தனிடம் சொல்லி அந்தக் காலைக்கு ஆட்டோவையும் முன்கூட்டியே பேசி வையுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் நினைத்த நேரத்துக்கு வண்டி கிடைக்காது.